மந்திரிக்கு வக்கீல்: பீஸ் யார் தலையில்?

(தூத்துக்குடியில் மில், துறைமுக, உப்பளத் தொழிலாளர்களும் தாமிரபரணிப் பாசனப் பகுதி விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

கூலி உயர்வு, போனஸ், உப்பளத்தில் குடிதண்ணீர், கடைமடை வயலுக்குப் பாசனம் - இவற்றைப் பற்றித்தான் வழக்கமாக நாம் கூடிப் பேசுகிறோம். இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது வக்கீல் பீஸ். "மந்திரி வைக்கிற வக்கீலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்த பீஸ் பல சமயம் நம் மடியிலிருந்துதான் போகிறது.

"நாம் எங்கே வரி கட்டுகிறோம்? வரி கட்டுவது முதலாளியல்லவா?" என்றும் ஒரு நினைப்பு நம்மிடையே இருக்கிறது. அது தவறு. சோப்பு வாங்கும்போது வரி. செருப்பு வாங்கும்போது வரி. மோட்டார் சைக்கிளுக்கு அரை லிட்டர் பெட்ரோல் போடும்போதும் வரி. முதலாளி கணக்குப் பார்த்து, சலுகை கேட்டு, தள்ளுபடி வாங்கிக்கொண்டு கட்டுகிறான். நாம் ரசீது கூட வாங்காமல் கட்டுகிறோம். சர்க்கார் கஜானாவில் உள்ள ஒவ்வொரு ரூபாயிலும் நம் வியர்வையின் பங்கு இருக்கிறது.

ஆகவே கேள்வி இதுதான். மந்திரி பேரில் வழக்கு வந்தால், அல்லது மந்திரியே மற்றவர் பேரில் வழக்குப் போட்டால், அந்த வக்கீலுக்குக் கஜானாவிலிருந்து பணம் கொடுக்கலாமா? கொடுக்கலாமென்றால் எப்போது? கூடாதென்றால் ஏன்?

கயிறு பிடிக்கும் நியாயம்

இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது கஷ்டமில்லை. இங்கே 1955 முதல் 1961 வரை நடந்த முத்துச் சலாபங்களே கடைசி. ஆனால் அந்தத் தொழிலின் முறை இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. குளிக்கிறவன் கல்லோடு கடலுக்குள் இறங்குவான். வள்ளத்தில் ஒருவன் கயிறு பிடித்து நிற்பான். கீழேயிருந்து கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் உயிர் போய்விடும். அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள்.

பொது வேலைக்காக ஒருவன் ஆழத்தில் இறங்கினால், கயிறு பிடிப்பது மேலே நிற்பவர்களின் கடமை. இதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் சலாபம் முடிந்த பிறகு, தன் சொந்த விரோதத்துக்காக ஒருவன் கடலில் குதித்துவிட்டு, "ஊரார் வந்து கயிறு பிடியுங்கள், கயிற்றுக்கும் ஊரார் காசு போடுங்கள்" என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

நாம் சொல்ல வந்த நியாயம் முழுவதும் இவ்வளவுதான். பதவிக்காக வந்த வழக்கு வேறு. பதவியில் இருக்கிற ஆளுக்காக வந்த வழக்கு வேறு. முதலாவதற்குக் கஜானா கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு அவர் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டும்.

கொடுக்க வேண்டிய இடம்

எல்லாச் செலவையும் ஒரேயடியாக எதிர்ப்பது நியாயமாகாது. இந்த ஜில்லாவிலேயே முறப்பநாட்டில், ஆற்று மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அதிகாரி, 2023 ஏப்ரலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அப்படிக் கடமையைச் செய்கிற சிறு அதிகாரி மேல் மணல் திருடன் பொய் வழக்குப் போட்டால், சர்க்கார்தான் வக்கீல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நாளை எந்த அதிகாரியும் வாய் திறக்க மாட்டார்.

இன்னொன்று. ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து நம் ஜனங்கள் 2018 மே 22-ம் தேதி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28-ம் தேதி ஆலையை மூட சர்க்கார் உத்தரவு போட்டது. கம்பெனி விடவில்லை. ஹைகோர்ட்டு 2020 ஆகஸ்டில் மூடியது சரியென்று தீர்ப்பளித்தது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024 பிப்ரவரி 29-ம் தேதி அங்கேயும் அதன் மனு தள்ளுபடியாயிற்று. அந்த வழக்கில் சர்க்கார் தரப்பில் மூத்த வக்கீல்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பீஸ் கஜானாவிலிருந்துதான் போக வேண்டும். அது தப்பா? இல்லை. எதிரே பணமூட்டையோடு நிற்கும் கம்பெனிக்கு முன்னால், ஜனங்களின் காற்றுக்கும் தண்ணீருக்கும் வாதாடுகிற வக்கீல் நல்ல வக்கீலாக இருக்கட்டும் என்றுதான் நாமும் சொல்வோம்.

ஆனால் அதே சம்பவத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். சுட்டது சரியா என்ற கேள்வி எழுந்தபோது, சர்க்கார் தரப்பில் பேச சர்க்கார் வக்கீல் இருந்தார். ஊர்வலம் போன ஜனங்கள் மேல் வழக்குகள் போட்டபோது, அவர்களுக்காக ஓடிய வக்கீல்களுக்குக் கஜானா ஒரு சல்லி கூடக் கொடுக்கவில்லை. அந்த வழக்குகளில் பல 2021-ல் திரும்பப் பெறப்பட்டன. அருணா ஜெகதீசன் கமிஷன் துப்பாக்கிப் பிரயோகம் நியாயமற்றது என்று சொன்னது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. அதற்கு முன்பே அலைந்த அலைச்சலும், இழந்த கூலியும், வக்கீலைத் தேடி ஏறி இறங்கிய படிகளும் யார் கணக்கில்? நம் ஜனங்கள் கணக்கில்தான்.

கொடுக்கக் கூடாத இடம்

டில்லியில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். 2015 டிசம்பரில், அப்போது முதன் மந்திரியாக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால் மேல், அப்போதைய மத்திய நிதி மந்திரி அருண் ஜேட்லி பத்துக் கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். டில்லி கிரிக்கெட் சங்க விவகாரத்தில் தம்மைப் பற்றி அவதூறு பேசினார் என்பது வழக்கு. கெஜ்ரிவாலுக்காகப் பிரபல வக்கீல் ராம் ஜேத்மலானி ஆஜரானார். 2017 ஏப்ரலில் அவருடைய பில் வெளியே வந்தது. முன்பணம் ஒரு கோடி ரூபாய். ஒரு தடவை கோர்ட்டில் ஆஜராக 22 லட்சம். மொத்தம் மூன்று கோடியே நாற்பத்திரண்டு லட்சம். இதைச் சர்க்கார் கொடுக்கலாமா என்று பெரும் சர்ச்சை எழுந்தது.

ஆட்சியிலிருந்தவர்கள், "சர்க்கார் எடுத்த நடவடிக்கையிலிருந்து வந்த வழக்கு, ஆகவே சர்க்கார் செலவு" என்றார்கள். மற்றவர்கள், "வாயால் பேசியதற்கு வந்த வழக்கு, ஆகவே சொந்தச் செலவு" என்றார்கள். வக்கீலோ, பணம் கொடுக்க முடியாவிட்டால் அவரைத் தம் ஏழைக் கட்சிக்காரர்களில் ஒருவராக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். 2018 ஏப்ரலில் கெஜ்ரிவால் மன்னிப்புக் கேட்டதும் வழக்கு முடிந்தது.

22 லட்சம் என்றால் நமக்குக் கண்ணில் தெரியாது. நம் கணக்கில் சொல்வோம். தமிழ்நாட்டில் 2024-25-ல் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில் 22 லட்சம் சேர்க்க ஏறக்குறைய 6,900 நாள் மண் வெட்ட வேண்டும். வருஷத்துக்கு நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்தாலும் 69 வருஷம். ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண் பிறந்த நாள் முதல் கிழவியாகும் வரை வெட்டுகிற மண், ஒரு வக்கீல் ஒரு தடவை எழுந்து நிற்பதற்குச் சமம்!

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. இங்கிலாந்தில் போரிஸ் ஜான்சன், பிரதம மந்திரியாக இருந்தபோது பார்லிமெண்டுக்குத் தவறான தகவல் கொடுத்தாரா என்று பார்லிமெண்டுக் கமிட்டி விசாரித்தது. அவருடைய வக்கீல்களுக்கு அந்த நாட்டு ஜனங்களின் வரிப்பணத்தில் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. பதவியை விட்டு இறங்கிய பிறகும் அந்தச் செலவு நிற்கவில்லை. அங்கேயும் ஜனங்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள்.

எந்தக் கொடி பறக்கும் சர்க்காரானாலும் அளவுகோல் ஒன்றுதான். கேரளத்தில் 2019-ல் பெரியா என்ற ஊரில் இரண்டு காங்கிரஸ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கை சி.பி.ஐ. விசாரிக்கக் கூடாதென்று இடதுசாரி சர்க்கார் வெளியிலிருந்து மூத்த வக்கீல்களை அமர்த்தி வாதாடியது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த அப்பீலைத் தள்ளியது. ஜனங்கள் அந்தச் செலவையும் கேட்க உரிமை உள்ளவர்கள். அடுத்தவன் தராசை மட்டும் பரிசோதிப்பவன் நியாயஸ்தன் அல்ல.

இருநூற்றுப் பதின்மூன்று வழக்குகள்

டில்லியும் லண்டனும் கிடக்கட்டும். நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே மந்திரிக்குத் தனி வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் கூட இல்லாமல் ஒரு குறுக்கு வழி இருக்கிறது.

1955-ல் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஜனாதிபதி, கவர்னர், மந்திரிகள், சர்க்கார் ஊழியர்கள் - இவர்களுடைய உத்தியோகக் கடமை சம்பந்தமாக யாராவது அவதூறு பேசினால், அவர்கள் தாங்களே கோர்ட்டு ஏற வேண்டியதில்லை. பப்ளிக் பிராசிகூட்டர் நேரே செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். 1973-ம் வருஷச் சட்டத்தில் அது 199-வது பிரிவில் தொடர்ந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் 222-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது.

உங்களையோ எங்களையோ ஒருவன் அவதூறு பேசினால் என்ன செய்வோம்? வேலையை விட்டு, வக்கீலுக்குப் பணம் புரட்டி, மாஜிஸ்திரேட் கோர்ட்டு வாசலில் நாமே நிற்க வேண்டும். மந்திரிக்கோ ஒரு கையெழுத்து போதும். வக்கீல் சர்க்கார் வக்கீல். காகிதம் சர்க்கார் காகிதம். செலவு நம் செலவு.

இந்தப் பிரிவு தமிழ்நாட்டில் எப்படிப் பயன்பட்டது? 2011-க்குப் பின் ஐந்து வருஷ காலத்தில், ஜெயலலிதா ஆட்சியில், 213 அவதூறு வழக்குகள் போடப்பட்டன என்ற பட்டியல் 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு முன் வந்தது. அவற்றில் 55 பத்திரிகைகள், செய்தி ஸ்தாபனங்கள் மேல். மீதி பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரர்கள் மேல். விஜயகாந்த் மேல் போட்ட ஒரு வழக்கில் திருப்பூர் கோர்ட்டு பிடிவாரண்டு பிறப்பித்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. அவதூறுச் சட்டத்தை அரசியல் ஆயுதமாக்கக் கூடாது, பொது வாழ்வில் இருப்பவர் விமரிசனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கண்டித்தது.

2020 மே மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி அப்துல் குத்தூஸ், பத்திரிகைக்காரர்கள் மேல் போட்ட இப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை ரத்துச் செய்தார். சர்க்கார் கொடுத்ததை அப்படியே வாங்கிப் போடும் தபாலாபீசு போல பப்ளிக் பிராசிகூட்டர் நடந்துகொள்ளக் கூடாது, தாமே யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 2021 ஜூலையில், ஆட்சி மாறிய பிறகு, பத்திரிகைக்காரர்கள் மேல் இருந்த 90 வழக்குகளைத் திரும்பப் பெற சர்க்கார் உத்தரவிட்டது.

நல்லது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. கடைசியில் விட்டுவிட வேண்டிய வழக்குகளை ஏன் போட்டார்கள்? இத்தனை வருஷம் வாய்தா வாங்கிய சர்க்கார் வக்கீல்களுக்குக் கொடுத்த சம்பளத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? ஒருவரும் கொடுக்கவில்லை. வழக்கு போயிற்று. சட்டப் பிரிவு மட்டும் போகவில்லை. நாளை எந்த மந்திரியும் அதை எடுத்துச் சுழற்றலாம்.

எதிரியே வக்கீல் வைத்தால்?

இதைவிட விசித்திரமான ஒன்றும் நடந்தது. ஜெயலலிதா மேல் இருந்த சொத்துக் குவிப்பு வழக்கு நேர்மையாக நடக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2003-ல் அதைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. 2014 செப்டம்பர் 27-ம் தேதி பெங்களூர் தனிக் கோர்ட்டு நான்கு வருஷத் தண்டனையும், ஜெயலலிதாவுக்கு நூறு கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் அப்பீல் செய்தார். அந்த அப்பீலை எதிர்த்து வாதாட வேண்டிய சர்க்கார் வக்கீலை நியமித்தது யார்? அவருடைய கட்சியே ஆட்சி நடத்திய தமிழ்நாட்டு சர்க்கார்!

க. அன்பழகன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 ஏப்ரல் 27-ம் தேதி, அப்படி நியமிக்கத் தமிழ்நாட்டு சர்க்காருக்கு அதிகாரமே இல்லை என்று தீர்ப்பாயிற்று. மே மாதம் கர்நாடக ஹைகோர்ட்டு எல்லோரையும் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்துச் செய்தது. ஜெயலலிதா அதற்கு முன்பே இறந்துவிட்டபடியால், மற்ற மூவரும் சிறை சென்றார்கள்.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் என்ன? பணம் யார் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் விஷயமல்ல. வக்கீலை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் விஷயம். நம் காசில் நமக்காக வைத்த வக்கீலை, எதிரிக் கூண்டில் நிற்பவரின் ஆட்களே பொறுக்கி எடுத்தால், அந்த வக்கீல் யாருக்கு வாதாடுவார் என்ற சந்தேகம் ஜனங்கள் மனத்தில் வரத்தான் செய்யும்.

347 ரூபாய் 12 அணா

இந்த ஊர் மண்ணில் நின்று பேசும்போது வ.உ. சிதம்பரம் பிள்ளையை நினைக்காமல் முடியாது. அவரே ஒரு வக்கீல். 1908 பிப்ரவரி 27-ம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். தொழிலாளர்கள் வென்றார்கள். மார்ச் மாதமே வெள்ளை சர்க்கார் அவரைப் பிடித்தது. ஜூலை 7-ம் தேதி பின்ஹே துரை இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது வருஷம் விதித்தார். அப்பீலில் அது ஆறு வருஷமாயிற்று. வக்கீல் சன்னதும் பறிபோயிற்று.

அவரைச் சிறைக்கு அனுப்ப வாதாடிய சர்க்கார் வக்கீலுக்குப் பீஸ் எங்கிருந்து வந்தது? கஜானாவிலிருந்து. அந்தக் கஜானாவில் உப்பு வரியும் இருந்தது. உப்பள ஜனங்களுக்காகவும் மில் ஜனங்களுக்காகவும் பேசிய மனிதரைச் சிறையிலடைக்க, அதே ஜனங்கள் உப்புக்குக் கொடுத்த வரி செலவாயிற்று. பொதுப் பணத்தில் வக்கீல் வைக்கும் அதிகாரம் கணக்குக் கேட்பாரில்லாத கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தவர் வறுமையில் கிடந்தார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிக் கொடுத்த ஒரு தொகை காந்தியிடம் இருந்தது. அது பற்றி இருவருக்கும் கடிதங்கள் போயின, வந்தன. கடைசியில் 1916-ல் அந்தப் பணம் சிதம்பரம் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. எவ்வளவு தெரியுமா? 347 ரூபாய் 12 அணா. ரூபாயை முழுதாக்கி அணாவை விட்டுவிடவில்லை. பன்னிரண்டு அணாவும் கணக்கில் வந்தது. ஜனங்கள் நம்பிக் கொடுத்த பணம் என்றால் அதற்கு அப்படித்தான் கணக்கு இருக்க வேண்டும். அணாவுக்குக் கணக்கு வைத்த தேசத்தில், கோடிக்குக் கணக்கு கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

ஏழைக்கு எந்த வக்கீல்?

மந்திரிக்குக் கஜானா வக்கீல் உண்டென்றால், பாட்டாளிக்கு உண்டா? சட்டத்தில் உண்டு, தோழர்களே. அரசியல் சட்டத்தின் 39-ஏ பிரிவு, பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நியாயம் மறுக்கப்படக் கூடாது என்கிறது. 1987-ல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி ஜனங்கள், காவலில் இருப்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் - இவர்களெல்லாம் இலவச வக்கீல் கேட்க உரிமை உள்ளவர்கள். வருமானம் குறைந்த மற்றவர்களும் கேட்கலாம். ஜில்லாக் கோர்ட்டிலேயே அதன் ஆபீசு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இதை எத்தனை பேர் அறிவோம்? மந்திரியின் காரியதரிசிக்குத் தமக்குள்ள வசதி ஒவ்வொன்றும் மனப்பாடம். நமக்கு நம் உரிமை தெரிவதில்லை. சம்பளப் பாக்கிக்கு, விபத்து நஷ்ட ஈட்டுக்கு, நிலத்தகராறுக்கு வட்டிக்குக் கடன் வாங்கி வக்கீல் வைக்கிறோம். இலவச வக்கீலுக்கு சர்க்கார் கொடுக்கிற சன்மானத்தையும், மூத்த வக்கீல் ஒரு நாளைக்கு வாங்குகிற பீசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏழையின் நியாயத்துக்கு இந்த அமைப்பு போட்டிருக்கும் விலை தெரியும்.

நாம் கேட்பது

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. ஐந்தே ஐந்து.

முதலாவது: பதவிக் கடமைக்காக வந்த வழக்குக்கு மட்டுமே கஜானா பணம். மேடைப் பேச்சு, கட்சித் தகராறு, சொந்தச் சொத்து, சொந்த மானம் - இவற்றுக்கு ஒரு சல்லி கூடக் கூடாது. இது எழுதிய விதியாக இருக்க வேண்டும். அந்தந்த மந்திரியின் விருப்பமாக இருக்கக் கூடாது.

இரண்டாவது: எந்த வழக்கு, எந்த வக்கீல், எவ்வளவு பீஸ் என்று சர்க்கார் தானாகவே வெளியிட வேண்டும். அட்வகேட் ஜெனரலும் சர்க்கார் வக்கீல்களும் சம்பளத்துக்கு இருக்கும்போது, வெளி வக்கீல் ஏன் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: லஞ்சம், மோசடி வழக்கில் மந்திரியோ அதிகாரியோ தண்டனை பெற்றால், அவருக்காகச் செலவழித்த பணத்தை அவரே திருப்பிக் கட்ட வேண்டும்.

நான்காவது: மந்திரிகளின் மானத்துக்காக பப்ளிக் பிராசிகூட்டரை ஏவும் பிரிவை நீக்க வேண்டும். நமக்கு எந்தக் கோர்ட்டு வாசலோ, மந்திரிக்கும் அதே வாசல்.

ஐந்தாவது: ஏழைகளின் இலவச வக்கீல்களுக்கு கௌரவமான சன்மானம் கொடுக்க வேண்டும். ஆலை வாசலிலும் உப்பளத்திலும் பஞ்சாயத்து ஆபீசிலும் அந்த உரிமையை எழுதி வைக்க வேண்டும்.

இவையெல்லாம் யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். ஒரு வெள்ளைத் தாள். "இந்த வருஷம் வெளி வக்கீல்களுக்குக் கொடுத்த பீஸ் எவ்வளவு? எந்தெந்த வழக்குக்கு?" இரண்டு கேள்வி போதும். ஒவ்வொரு தொழிற்சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் ஒரு மனு எழுதட்டும். எழுதத் தெரிந்த தோழர் எழுதட்டும். மற்றவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். பதில் வந்தால் சங்க ஆபீசில் ஒட்டி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவோம். பதில் வராவிட்டால் அப்பீல் செய்வோம். அதையும் வாசித்துக் காட்டுவோம்.

கயிறு நம் கையில் இருக்கிறது, தோழர்களே. யாருக்காகப் பிடிக்கிறோம் என்று தெரிந்து பிடிப்போம்!